ராயபுரத்திலிருந்து எண்ணூர்: ஒரு நிலக்கரி வண்டியும் மூன்று ரயில் பைத்தியங்களும்

போன வியாழக்கிழமை காலை ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு மின்சார ரயிலில் போனேன். அங்கே நாலரை மணி நேரம் காத்திருந்து, ஒரே ஒரு கூட்ஸ் வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தூரம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் ஐந்து ரூபாய். நான் பார்க்கப் போனது கண்ணில் பட்ட நேரம், எண்ணிப் பார்த்தால் பத்து விநாடி. இதை எழுதுவதற்குக் காரணம், இதே மாதிரி போக நினைக்கிறவர்கள் நாங்கள் செய்த தவற்றைச் செய்யக் கூடாது என்பதுதான்.

அந்தக் கூட்ஸ் வண்டியின் இன்ஜினில் என் பேத்தி இருந்தாள். ஜெனிஃபர், வயது இருபத்து நாலு, உதவி லோகோ பைலட். இன்ஜின் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. பயிற்சிக் காலம் முழுக்க இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவள் பெயரையே எழுதிக் கொடுத்த முதல் டூட்டி அன்றைக்குத்தான். மறுநாள் ஜோலார்பேட்டைக்குக் கிளம்ப வேண்டும். இனி அவளுக்கு ஊர் அதுதான், அங்கிருந்து சேலம் பக்கமோ பெங்களூரு பக்கமோ ஓடுவாள். எங்கள் வீட்டுப் பெண் எங்கள் வடசென்னைத் தண்டவாளத்தில் இன்ஜினில் போவதைப் பார்க்க எனக்கு அந்த ஒரு வியாழக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

அது எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் நீராவி இன்ஜினுக்குக் கரி வாரிப் போடும் ஃபயர்மேன். நான் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தார்கள், அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகவும் ஆள் வேண்டும். தினமும் தூக்குச் சட்டியோடு ஷெட்டுக்கு நடப்பேன். ஒரு நாள் அப்பா கரி அள்ளும் ஷவலைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அதன்மேல் நான் கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டைப் பரப்பி, இன்ஜினின் நெருப்புக் கதவைத் திறந்து உள்ளே நீட்டினார். நான் கீழே தண்டவாளத்தோரம் நின்று அண்ணாந்து பார்த்தேன். மாதா கோயிலில் ஞானோபதேசம் சொல்லித் தந்த சிஸ்டர் நரகத்தின் நெருப்பைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தார். அதை அன்றுதான் நேரில் பார்த்தேன். சிவப்பு இல்லை, வெள்ளை. சத்தம் இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது. அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை நான் பார்த்ததே இல்லை. நரகம் அழகாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேனே என்று பயந்து சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னேன். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார்.

நானும் மேலே ஏறட்டுமா என்று அன்று கேட்டேன். "பொட்டப் புள்ள இன்ஜின் மேல ஏறக் கூடாது பாப்பா" என்றார் டிரைவர். அப்பா கருவாட்டைக் காகிதத்தில் வைத்துக் கீழே நீட்டினார். நின்றபடி தின்றேன். இன்ஜின் கரி வாசம் ஏறிய அந்தக் கருவாட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ரயில் பித்து எனக்கு அன்றைக்குப் பிடித்தது. இன்ஜின் மேல் ஏறும் வாய்ப்பு மட்டும் இந்த அறுபத்தேழு வயது வரை வரவில்லை.

இனி பயணம். கூட்ஸ் வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதற்கு நேரம் கிடையாது. பாதை கிடைக்கும்போது ஓடும், கிடைக்காதபோது நிற்கும். முந்தின நாள் சாயங்காலமே ஜெனி எச்சரித்துவிட்டாள்.

"வர்றதுன்னா வா ஆயா. ஆனா நா திரும்பிப் பாக்க மாட்டேன். கைய கிய ஆட்டாத."

"நீ பாக்க வேணாம்டி. நா பாத்துக்கறேன்."

"எத்தினி மணிக்கு வரும்னு எனக்கே தெரியாது. காலீல தொண்டியார்பேட்டைல கையெழுத்துப் போடணும். அத்திப்பட்டு பக்கம் போயி துறைமுகத்துக் கரி வண்டிய கொண்டாரணும். போனும் ஆஃப்லதான் இருக்கும், சொல்ட்டேன்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தப் பயணமே அதில்தான் முடிகிறது. இன்ஜினில் இருக்கும் இரண்டு பேரும் ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் அதை நோக்கிக் கையை நீட்டி, அது காட்டும் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் ஏமாந்தாலும் இன்னொருவர் கண் பிடித்துவிடும். ஜெனி இதை எங்கள் வீட்டுச் சமையலறையில் பழகினாள். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, "நீ பைலட்டு, நா அசிஸ்டெண்டு" என்பாள். டியூப் லைட்தான் சிக்னல்.

"ஸ்டார்ட்டர் கிரீன்."

"ஸ்டார்ட்டர் கிரீன்."

"கைய நீட்டிச் சொல்லு ஆயா. இன்னா, தோசைய திருப்பற மாதிரி கீது?"

ஸ்டார்ட்டர் என்பது ஸ்டேஷனை விட்டு வெளியே போக அனுமதி தரும் சிக்னல். இப்படி ஆறு மாதம் நான் டியூப் லைட்டுக்குக் கை நீட்டியிருக்கிறேன். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கும். அத்தனை ஆயிரம் டன் இரும்பும் கரியும் இரண்டு மனிதர்கள் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ளும் இரண்டு வார்த்தையை நம்பி ஓடுகிறது.

வியாழன் காலை எட்டே முக்காலுக்கு என் மகன் அந்தோணி என்னை பைக்கில் ராயபுரம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டான். ஜெனியின் அப்பா. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். ரயில் பித்து எங்கள் வீட்டில் அவனை மட்டும் தாண்டிக் குதித்துப் போய்விட்டது.

"நா வர்ல ம்மா. ரயில்வே கேட்டு மூடி மூடியே என் பாதி ஆயுசு ரோட்டுலயே போச்சு. அந்தக் கழுதைய போயி குந்திகினு வேற பாக்கணுமா?"

"உன் பொண்ணுடா அதுல வர்றா."

"அத்தொட்டுதான் வர்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு பேசினான், முகம் தெரியவில்லை.

ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அந்த உயரத் தூண்களுக்கு நடுவே நிற்கும்போது கோயில் முகப்பில் நிற்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் முன்னதாகப் போய் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள். உள்ளே எனக்காகக் காத்திருந்தவர் கௌதமன். வியாசர்பாடிக்காரர், ஐம்பத்தைந்து வயது, ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர். அன்றைக்கு லீவு போட்டிருந்தார். பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் ஒரு நாள் நான் இன்ஜின் நம்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் அதே நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அப்படித்தான் பழக்கம். அட்டையில் புத்தர் படம் ஒட்டிய அந்த நோட்டு இப்போது பதினேழாவது நோட்டாகிவிட்டது.

ஒன்பது மணி ஐந்து நிமிட கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினோம். ஓட்டுநருக்கு அடுத்த முதல் பெட்டி, அதில்தான் இன்ஜின் பைத்தியங்கள் ஏறுவது. எனக்கு மகளிர் பெட்டி பிடிக்காது என்றில்லை, அது நடுவில் இருக்கிறது. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) உட்கார்ந்ததும் கௌதமன் கணக்கைத் தொடங்கினார்.

"யக்கா, அசிஸ்டெண்டு சீட்டு ரைட்டு சைடு. ஜெனி தொண்டியார்பேட்டைலேர்ந்து காலி வண்டிய வடக்க எட்துகினு போவும். வடக்க பாத்தா ரைட்டு எது? கெழக்கு. அப்ப நம்ம எண்ணூர்ல கெழக்குப் பக்கப் பிளாட்பாரத்துல நிக்கணும். பத்தடில மூஞ்சி தெரியும்."

வண்ணாரப்பேட்டை தாண்டும்போது, உங்களுக்கு இந்தப் பித்து எப்படித் தொடங்கியது என்று அவரைக் கேட்டேன். இத்தனை நாள் பழகியும் கேட்டதில்லை.

"தண்ணி லைனு யக்கா" என்றார். "எங்க ஹவுசிங் போர்டுக்குப் பின்னாலயே தண்டவாளம். ஒரே ஒரு அடி பம்பு. எங்கம்மா கொடத்த வச்சிட்டு என்னிய நிக்க வச்சிடும். எனக்கு ஏழு வயசு. ரெண்டு மணி நேரம் இன்னா பண்றது? போற கூட்ஸுக்குப் பெட்டி எண்ணுவேன். வாத்தியாரு எனக்கு எண்ணிக்கையே வர்லன்னு அடிச்சிகினு இருந்தாரு. ஒரு நாளு க்ளாஸ்ல அறுவத்தி மூணு வரிக்கும் நிக்காம சொன்னேன். எப்டிடா கத்துகினேன்னாரு. கூட்ஸு சார்னேன். அதுக்கும் அடிச்சாரு."

"அதுக்கு ஏன்?"

"தண்டவாளத்தாண்ட ஏன் போனேன்னுதான்."

எனக்கு ஏபிசிடி வந்ததும் அப்படித்தான். ஆங்கில எழுத்துகளை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை, கூட்ஸ் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஓடும் பெட்டியின் நம்பரைக் கௌதமனைவிட வேகமாகப் படிப்பேன்.

கொருக்குப்பேட்டை கேட் வந்தது. வழக்கம்போல மூடியிருந்தது. லாரி, பைக், ஆட்டோ எல்லாம் உறுமிக்கொண்டு நின்றன. ஜெனியின் கதை இங்கேதான் தொடங்கியது. அப்போது நாங்கள் இந்தப் பக்கம் குடியிருந்தோம், அவள் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். வாரத்தில் மூன்று நாள் கேட்டில் மாட்டி நேரமாகிவிடும். மூன்றாம் வகுப்பு டீச்சர் நம்பவில்லை. தினமும் கேட்டையே காரணம் சொல்லாதே, ஆதாரம் கொண்டு வா என்றார். கேட்டில் மாட்டிய மற்றப் பிள்ளைகள் அழுதார்கள். இவள் மறுநாள் ஒரு சீட்டு கொண்டுபோனாள். "எட்டு ஐம்பதிலிருந்து ஒன்பது பத்து வரை கேட் மூடல். வண்டி, எண்ணெய் டேங்கர். இன்ஜின் நம்பர் இது" என்று ஐந்து இலக்கத்தையும் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். டீச்சர் சிரித்துவிட்டு வகுப்பில் உட்காரவைத்தார். மறுநாளும் சீட்டு. அடுத்த வாரம் ஒரு நாள் மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடி வந்தாள். "ஆயா, திங்கக்கெழம வந்த அதே இன்ஜினு இன்னிக்கும் வந்துச்சு. நடுவுல எங்க போய்ட்டு வந்துருக்கும்?" அந்தக் கேள்விதான் அவளைப் பிடித்தது. அதற்குப் பிறகு கேட் திறந்திருந்தால்தான் அவளுக்கு வருத்தம்.

கரி அள்ளிய அப்பாவின் கருவாட்டில் எனக்கு, தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் கௌதமனுக்கு, லேட் சீட்டில் அவளுக்கு. யாரும் யாருக்கும் கற்றுத் தரவில்லை. ரயில் தானாக வந்து பிடித்துக்கொண்டது.

இப்போது அந்தத் தவறு. தொண்டியார்பேட்டை ஸ்டேஷனில் வண்டி ஒன்பது இருபதுக்கு நின்றது. ஒரு பக்கம் பிளாட்பாரம், மறு பக்கம் யார்டு. யார்டில் புதிதாகப் பெயின்ட் அடித்த டீசல் இன்ஜின் ஒன்று நின்றிருந்தது. கௌதமன் பிளாட்பாரத்துக்கு முதுகைக் காட்டி ஜன்னலுக்குப் பாய்ந்தார். நானும் பாய்ந்தேன். நம்பரை நான் படித்தேன், அவர் எழுதினார். வண்டி கிளம்பும் வரை நாங்கள் இருவரும் திரும்பவே இல்லை.

திருவொற்றியூர், விம்கோ நகர் தாண்டியதும் பக்கத்தில் வானத்தில் ஓடும் மெட்ரோப் பாதை முடிந்துபோகிறது. பிறகு தொழிற்சாலைப் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் மூக்கே ஸ்டேஷன் பெயரைச் சொல்லிவிடும். ஒன்பது நாற்பத்தைந்துக்கு எண்ணூரில் இறங்கினோம். வெளியே போய் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்துப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கிழக்குப் பக்கப் பிளாட்பாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம்.

எங்களோடு அதே வண்டியில் வந்து இறங்கிய மீன்காரம்மா ஒருவர் படிக்கட்டு ஓரத்தில் கூடையை இறக்கிவைத்தார். பெயர் அஞ்சலை, நெட்டுக்குப்பம். காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து மகளிர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே விற்கிறார். நாங்கள் வேறு வண்டி எதிலும் ஏறாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா யக்கா, யாருக்கு வெய்ட்டிங்கு?"

"கூட்ஸ் வண்டிக்கும்மா."

"கூட்ஸ்ல ஏறப் போறியா?"

"பாக்க."

அவர் கௌதமனைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "எங்க வூட்ல வந்து குந்து. பாக்கவே வேணாம், தானா தெரியும். காலி வண்டி கடகடன்னு கத்திகினு போவும். லோடு வண்டி கத்தாது. தரைய அமுக்கிகினு வரும். ஷெல்ஃபுல சொம்பு ஆடும். அப்பால அஞ்சு நிமிசம் கழிச்சுதான் இன்ஜினே வரும்." சொல்லிவிட்டு வியாபாரத்துக்குப் போய்விட்டார். ஒரு வரியில் எவ்வளவு பெரிய பாடம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பத்தே காலுக்கு ஒரு காலி வண்டி வடக்கே போனது. இன்ஜினில் வலது பக்கம் மீசை வைத்த ஒருவர். பதினொன்று ஐந்துக்கு இரண்டாவது. தூரத்தில் வலது பக்க ஜன்னலில் பின்னல் போட்ட தலை தெரிந்ததும் கௌதமனின் தோளைத் தட்டினேன். கிட்டே வந்தபோது அது வேறு யாரோ வீட்டுப் பேத்தி. அவளுக்காகவும் எழுந்து நின்றேன். பன்னிரண்டு இருபதுக்கு மூன்றாவது, அதிலும் இல்லை. நடுவில் அந்தோணி இரண்டு தடவை போன் பண்ணினான். "போச்சா?" "இல்லடா." "சரி" என்று வைத்துவிடுவான். பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரம்தான் செல்லும், போய் இன்னொன்று வாங்கி வந்தோம். கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். கௌதமனுக்குச் சாதம் இறங்கவில்லை. தன் கணக்கு எங்கே தப்பியது என்று நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றே முக்காலுக்கு அஞ்சலை காலிக் கூடையோடு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னும் வர்லியா? யாரு யக்கா அதுல, உன் வூட்டுக்காரரா?"

"என் பேத்தி" என்றேன். உதவி பைலட் என்று சொன்னேன், முதல் நாள் என்று சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருப்பேன்.

அஞ்சலை என் முகத்தையே பார்த்தார். "ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு? முதுகுல பெரிய பையி, பைல சுருட்டி வச்ச கொடி, செவப்பும் பச்சையும்?"

"ஆமா."

"அந்தப் பொண்ணு காலீல உன் வண்டிலயேதான யக்கா வந்துச்சு. தொண்டியார்பேட்டைல ஏறி என் எதுர்ல குந்திச்சு. மீன் கூடைய நவுத்துன்னு சொல்லவே இல்ல, நல்ல பொண்ணு. நா எறங்கினேன், அது அத்திப்பட்டுக்குப் போய்ட்டுது."

கௌதமன் நோட்டால் தன் தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்பேர்ல போயிருக்காங்க யக்கா." அப்புறம் எனக்கும் புரிந்தது. எங்கேயோ நிற்கும் வண்டியை எடுக்க வேண்டுமானால், இன்ஜின் ஊழியர்களைச் சாதாரண ரயிலில் பயணிகளாக அனுப்பிவைப்பார்கள். அதற்கு ஸ்பேரில் போவது என்று பெயர். ஜெனி காலி வண்டியை ஓட்டிப் போகவே இல்லை. நாங்கள் யாருடைய முகத்துக்காக நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோமோ அவள் எங்கள் ரயிலிலேயே, எங்களுக்கு நாலைந்து பெட்டி தள்ளி உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவள் ஏறியபோது நாங்கள் டீசல் இன்ஜினுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தோம். ரயிலைப் பார்த்து ரயிலில் வந்தவளைக் கோட்டைவிட ரயில் பைத்தியத்தால்தான் முடியும்.

"அப்ப வரும்போது லோடோட தெற்க வரும்" என்றார் கௌதமன் மெதுவாக. தெற்கே பார்த்தால் வலது கை மேற்கு. நாங்கள் உட்கார்ந்திருந்தது கிழக்கு. இன்ஜினுக்கு அந்தப் பக்கம் அவள் இருப்பாள், இந்தப் பக்கம் பைலட்டின் தோள்தான் தெரியும்.

அப்போதுதான் என் உள்ளங்காலில் ஏதோ ஊர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் ஒன்றும் இல்லை. வடக்கே பார்த்தால் வெயிலில் தண்டவாளம் மட்டும் நெளிகிறது. ஆனால் சிமென்ட் தரை அடியிலிருந்து அமுங்குகிற மாதிரி இருந்தது. அஞ்சலையைப் பார்த்தேன். அவரும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோடு" என்றார். "எந்திரி யக்கா."

மேற்குப் பக்கம் போக நடைமேம்பாலம் ஒன்றுதான் வழி. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க நான் யாரையும் விடமாட்டேன், நானும் கடக்க மாட்டேன், பேத்தியே வந்தாலும். கௌதமன் இரண்டு இரண்டு படியாக ஓடினார். எனக்கு முட்டி வலி. பிறகு எண்ணினேன், நாற்பத்திரண்டு படி.

"ஏறு யக்கா, நா பின்னால கீறேன்."

"முடியலம்மா."

"வுழுந்தா கூடைல வுழு. ஏறு."

கடைசிப் படியில் கால் வைத்தபோது ஹாரன் கேட்டது. கௌதமன் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் பாலத்தின் முழு நீளம் நடந்து, நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும். முடியாது என்று தெரிந்துவிட்டது. பாலத்தின் நடுவில் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கிழக்கும் போச்சு, மேற்கும் போச்சு என்று நினைத்தேன்.

வண்டி நேராக என்னை நோக்கி வந்தது. இத்தனை வருடத்தில் நான் ரயிலைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். எதிரே, மேலே நின்று பார்த்ததே இல்லை. அது ஓடுவதாகவே தெரியவில்லை. நிலம்தான் அதன் அடியில் நழுவிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்குப் பின்னால் கறுப்பாகக் கரி, பெட்டி பெட்டியாக, வளைவு வரைக்கும், வளைவுக்கு அப்பாலும். அப்பா அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஷவலாக இன்ஜினுக்குள் போட்ட கரி, ஒரு மலையாக என் பேத்தியின் பின்னால் வந்துகொண்டிருந்தது.

இன்ஜினின் முன் கண்ணாடியில் வானம்தான் பளபளத்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பாலத்தை நெருங்கியதும் பாலத்தின் நிழல் அந்தக் கண்ணாடியில் ஏறியது. சட்டென்று உள்ளே தெரிந்தது. இரண்டு பேர். எனக்கு இடது கைப் பக்கம், அவளுக்கு வலது பக்கம், என் ஜெனி. கண்ணாடி போட்ட முகம். கையை முழுதாக நீட்டியிருந்தாள். தோசை திருப்புகிற மாதிரி இல்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடு. அந்தக் கை என்னைத்தான் காட்டுகிறது என்று ஒரு நொடி நினைத்தேன். உதடு அசைந்தது.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், பிளாட்பாரம் முடிகிற இடத்தில் ஸ்டார்ட்டர் சிக்னல். மேலும் கீழும் இரண்டு மஞ்சள். போகலாம், ஆனால் வேகத்தை அடக்கத் தயாராக இரு என்று அர்த்தம். நானும் அந்தச் சிக்னலுக்குக் கையை நீட்டினேன்.

"ஸ்டார்ட்டர் டபுள் எல்லோ" என்று உரக்கச் சொன்னேன். இன்ஜின் எனக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பாலம் முழுக்க நடுங்கியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் அஞ்சலை நெற்றியில் கை வைத்து, போகும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் மேலே பார்க்கவில்லை. நான் நின்றதும் அவளுக்குத் தெரியாது. கௌதமன் மேற்குப் பிளாட்பாரத்திலிருந்து மூச்சு வாங்க மேலே வந்தார். "பாத்தேன் யக்கா. ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கொடி காட்டிச்சு, அப்பால நேரா பாத்துகினே போச்சு. இப்டி அப்டி திரும்பல." பிறகு, "ஐம்பத்தெட்டு" என்றார். பெட்டிகளை எண்ணியிருக்கிறார், ஏழு வயதில் எண்ணிய மாதிரியே. மணி இரண்டு பதினெட்டு. அந்தோணி போன் பண்ணினான். "போச்சா?" "போச்சுடா." லாரி ஹாரன் மட்டும் கேட்டது. "நல்லா கீதா?" என்றான். "நல்லா கீறா" என்றேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு நாற்பது நிமிடம், போக வர பத்து ரூபாய். பிளாட்பாரம் டிக்கெட் தனியாக வாங்கிவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புதிதாக. தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும், டீ மட்டும் வெளியே கிடைக்கும், பன்னிரண்டு ரூபாய். துறைமுகத்துப் பக்கமும் யார்டுக்குள்ளேயும் போய்ப் படம் எடுக்க நிற்காதீர்கள், அது தப்பு. மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நில்லுங்கள். வடக்கே போகும் வண்டியில் உதவி பைலட் கிழக்குப் பக்கம், தெற்கே வரும் வண்டியில் மேற்குப் பக்கம். ரயிலில் வேலை செய்கிறவர்களைப் பார்க்கப் போனால், முதலில் நீங்கள் ஏறிய ரயிலுக்குள்ளேயே தேடுங்கள். லோடு வண்டிக்குச் செருப்பைக் கழற்றி வையுங்கள். இவை எல்லாவற்றையும்விட, முட்டி ஒத்துழைத்தால் நேராக நடைமேம்பாலத்தின் நடுவுக்குப் போய்விடுங்கள். நான் அங்கே போனது தோற்றுப்போய்த்தான். ஆனால் எந்தப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தாலும் ஒரு பக்கக் கன்னம்தான் கிடைத்திருக்கும். அந்தக் கை கிடைத்திருக்காது.

மூன்று ஐந்து வண்டியில் திரும்பினோம். தொண்டியார்பேட்டையில் பிளாட்பாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த டீசல் இன்ஜின் அங்கேயேதான் நின்றது என்று கௌதமன் சொன்னார். நான் திரும்பவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு ஜெனி போன் பண்ணினாள். டூட்டி முடிந்து கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். குரல் கரகரத்திருந்தது, நாள் முழுக்கச் சிக்னல் சொல்லிச் சொல்லி.

"வந்தியா ஆயா?"

"வந்தேன்."

"எங்க நின்னே?"

"எண்ணூர்ல, பிரிட்ஜி மேல."

"சும்மா சொல்லாத. முட்டிய வச்சிகினு நீயாவது பிரிட்ஜி ஏறுறதாவது. நைனா சொல்லிக் குட்துச்சா?"

"உன்னிய பாத்தேன்டி."

"அப்ப சொல்லு. எண்ணூர் ஸ்டார்ட்டர் இன்னா காட்டிச்சு?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. கையை நேராக நீட்டிக்கொண்டு சொன்னேன்.

"ஸ்டார்ட்டர் டபுள் எல்லோ."

பைலட் சொன்னதை அசிஸ்டெண்ட் திருப்பிச் சொல்ல வேண்டிய முறைப்படி, அந்தக் கரகரத்த குரல் சொன்னது.

"ஸ்டார்ட்டர் டபுள் எல்லோ."